பிளவுகள் செதுக்கிய தூண்கள்

வேலை நாளின் மாலையில், கல்லைப் பற்றி ஒருவர் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கடல் நடுவே நிற்கும் எரிமலைத் தூண் பாறைகளும், அந்தப் பாறைகளை அலை குடைந்து உண்டாக்கிய குகைகளும். கையில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாம் புறப்படப் போகிறோம். முதலில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலுக்கு. முடிவில் நம் நாட்டின் மேற்குக் கடலுக்கு, உடுப்பிக்கு எதிரே. அந்தக் கேள்வி: இந்தத் தூண்களைச் செதுக்கியது யார்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஹெப்ரிடீஸ் என்று ஒரு தீவுக்கூட்டம். அதிலே மல் என்று ஒரு பெரிய தீவு. மல் தீவுக்கு மேற்கே, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டாஃபா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு கிடக்கிறது. நீளம் ஒரு கிலோமீட்டர். அகலம் அதில் பாதி. உச்சி 42 மீட்டர். மேலே பசும்புல்; கோடையில் பஃபின் என்னும் கடற்பறவைகள் வந்து வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஒரு காலத்தில் சில குடும்பங்கள் அங்கே ஓட்ஸும் பார்லியும் பயிரிட்டு, மாடு மேய்த்து வாழ்ந்தன. குளிர்காலத்துப் புயலில் அந்த வாழ்வு நிலைக்கவில்லை. இப்போது அங்கே மனிதர் யாரும் இல்லை.

படகு தீவின் தெற்குப் பக்கம் திரும்புகிறது. அங்கேதான் அந்தக் காட்சி. புல்வெளிக்குக் கீழே கரடுமுரடாக ஒரு பாறைப் போர்வை. அதற்கும் கீழே, கடல்மட்டம் வரைக்கும், கறுத்த தூண்கள். வரிசை வரிசையாகத் தூண்கள். நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஐந்து பட்டை, ஆறு பட்டை, ஏழு பட்டைத் தூண்கள். அந்த வரிசையின் நடுவே வாய் பிளந்து நிற்கிறது ஒரு குகை. உயரம் 20 மீட்டருக்கு மேல். உள்ளே 70 மீட்டருக்கும் அதிகமாகப் போகிறது. தரையாகக் கிடப்பது கடல்நீர். இதுதான் ஃபிங்கல் குகை.

1772ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜோசப் பேங்க்ஸ் இங்கே வந்தார். கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றித் திரும்பிய அதே பேங்க்ஸ்தான். ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் மல் தீவுப் பக்கம் தங்கினார். அருகிலே இப்படியொரு தீவு இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள், கிளம்பிவிட்டார். தூண்களை அளந்தார், குகையை அளந்தார், கூட வந்தவர்களைக் கொண்டு படம் வரைய வைத்தார். மனிதன் கட்டிய தேவாலயங்களும் அரண்மனைகளும் இதன் முன்னால் விளையாட்டுச் சாமான்கள் என்ற பொருளில் எழுதினார். அவர் எழுதியது 1774இல் அச்சில் வந்தது. ஐரோப்பா முழுவதும் ஸ்டாஃபா, ஸ்டாஃபா என்று பேசத் தொடங்கியது.

பேங்க்ஸ் ஸ்டாஃபாவைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் குகையின் ஓசையைக் கேட்டு அதற்குத் தங்கள் கேலிக் மொழியில் பெயரும் வைத்திருந்தார்கள் அந்தக் கடற்கரை மக்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் துடுப்புப் போட்டவர்கள் அவர்கள். பேங்க்ஸ் செய்தது வேறு. அவர் அளந்தார். அளந்ததை அச்சில் ஏற்றினார். அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் அது கண்டுபிடிப்பு அல்ல.

சரி, நம் கேள்விக்கு வருவோம். செதுக்கியது யார்?

ஒரு பதிலைக் கதை சொல்கிறது. ஸ்டாஃபாவுக்குத் தெற்கே, வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையில், இதே போன்ற தூண்கள் கடலுக்குள் இறங்குகின்றன. ஏறக்குறைய 40,000 தூண்கள். ராட்சதப் பாதை என்று அதற்குப் பெயர். 1986இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஃபின் மெக்கூல் என்ற அயர்லாந்து ராட்சதன், ஸ்காட்லாந்து ராட்சதனோடு சண்டை போடக் கடலிலே போட்ட பாதை அது என்பது மக்கள் கதை. அந்த ஃபின்தான் ஸ்காட்லாந்துப் பக்கத்தில் ஃபிங்கல். கதையைச் சொன்னவர்களை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கடலின் இரு கரையிலும் ஒரே மாதிரிக் கல் இருக்கிறது, ஆகவே இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர்கள் கவனித்தார்களே, அந்தக் கவனிப்பு சரி. தொடர்பு உண்டு. ராட்சதனுக்குப் பதிலாக அங்கே எரிமலையை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எரிமலை என்று சொல்வதற்கே படித்தவர்கள் எவ்வளவு காலம் சண்டை போட்டார்கள் தெரியுமா? 18ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர்களில் ஒருவர், ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தின் ஆசிரியர் வெர்னர். பசால்ட் என்னும் இந்தக் கறுப்புப் பாறை ஆதிக் கடல்நீரில் படிந்து உறைந்தது என்று அவர் கற்பித்தார். நெருப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அவர் மாணவர்கள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தார்கள். யார் மறுத்துப் பேசுவது?

மறுத்தது வாதம் அல்ல, வெர்னர் கற்பிக்கத் தொடங்குமுன்பே நடந்து முடிந்த ஒரு நடைப்பயணம். அதற்கு ஒரு பெண்மணியின் தூரிகையும் துணை நின்றது. சுசன்னா ட்ரூரி என்ற அயர்லாந்து ஓவியர், 1740ஐ ஒட்டி, ராட்சதப் பாதையின் தூண்களைப் பட்டை பட்டையாகப் பார்த்து வரைந்தார். அந்தப் படங்கள் அச்சாகிப் பல நாடுகளுக்குப் போயின. அயர்லாந்துப் பக்கமே போகாதவர்களும் தூண் பாறை எப்படி இருக்கும் என்று அறிந்துகொண்டார்கள். பிறகு 1763இல், நிக்கோலா தெமாரெ என்ற பிரெஞ்சுக்காரர் தம் நாட்டின் ஓவர்ன் மலைப்பகுதியில் நடந்தார். அங்கேயும் பட்டைத் தூண்கள். அவர் என்ன செய்தார்? தூணைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. தூண் நிற்கும் பாறையின் மேற்புறத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். அந்தப் பாறை ஒரு பழைய எரிமலைக் குழம்பு ஓட்டம். அதன் தலைமாட்டில் எரிமலை வாய். 1768இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் படத்தொகுதியில் ராட்சதப் பாதையின் படம் வந்தபோது, இதுவும் எரிமலைப் பாறைதான் என்று விளக்கம் எழுதினார். அந்தப் பாதையை அவர் கண்ணால் கண்டவரல்லர். தம் ஊர்க் கல்லை ஒழுங்காகப் பார்த்தார். தூரத்துக் கல் புரிந்தது.

நண்பர்களே, இப்போது குழம்பு உறைவதைப் பார்ப்போம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும்.

எரிமலைக் குழம்பு நிலத்தின் மேல் வரும்போது 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. பள்ளம் கண்ட இடத்தில் தேங்குகிறது. மேலே காற்றும் மழையும் படுகின்றன, கீழே குளிர்ந்த தரை. ஆகவே மேலிருந்தும் கீழிருந்தும் உறைந்துகொண்டே வருகிறது. உறைந்த பாறையும் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. சூடு தணியத் தணிய அது சுருங்கப் பார்க்கிறது. பக்கவாட்டில் சுருங்க இடம் எங்கே? எல்லாப் பக்கமும் அதே பாறை பிடித்து இழுக்கிறதே! இழுவை தாங்காமல் வெடிக்கிறது. கோடையில் வற்றிப்போன ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நீர் போய்ச் சுருங்குகிறது. இங்கே சூடு போய்ச் சுருங்குகிறது.

ஆனால் ஏரி மண்ணில் வெடிப்பு சிறிது ஆழத்தோடு நின்றுவிடும். குழம்பில் நிற்பதில்லை. சூடு உள்நோக்கித் தணிந்துகொண்டே போக, வெடிப்பும் அதன் பின்னாலேயே போகிறது. மேற்பரப்பில் முதலில் விழும் வெடிப்புகள் தாறுமாறானவை. ஒன்றின் இடுப்பில் இன்னொன்று செங்குத்தாக முட்டி நிற்கும். உள்ளே போகப் போக அவை தம்மைத் திருத்திக்கொள்கின்றன. மூன்று வெடிப்புகள் ஓரிடத்தில் சந்தித்தால், மூன்றும் சமமாக விலகி 120 டிகிரியில் நிற்கும்போதுதான் இழுவை சீராகத் தணிகிறது. எல்லாச் சந்திப்புகளும் அப்படி ஆகிவிட்டால் என்ன வடிவம் வரும்? அறுகோணம். யாரும் அளவுகோல் வைக்கவில்லை. யாரும் உளி பிடிக்கவில்லை. சூடு வெளியேறும் வழியே அளவுகோல்.

எல்லாத் தூணுக்கும் ஆறு பட்டை இருக்குமா? இருக்காது. ஐந்து உண்டு, ஏழு உண்டு, நான்கும் எட்டும்கூட உண்டு. இயற்கையின் ஒழுங்கு அப்படிப்பட்டது. ஆறை நோக்கிப் போகிறது, போகும் வழியிலேயே பலவற்றை விட்டுவிடுகிறது.

எந்தச் சூட்டில் இந்த வெடிப்பு நிகழ்கிறது? 2018இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறையை உருளைகளாக அறுத்து, இரு முனையையும் இறுகப் பிடித்துச் சூடேற்றி, ஆறவிட்டுப் பார்த்தார்கள். 840 டிகிரிக்கும் 890 டிகிரிக்கும் இடையே பாறை படாரென்று வெடித்தது. அதாவது குழம்பு முற்றும் உறைந்து பாறையான பிறகு, இன்னும் கனன்றுகொண்டிருக்கும் நிலையில். இதற்கு முன்பே டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காயவைத்து, உள்ளே விரல் தடிமன்கூட இல்லாத குட்டித் தூண்கள் உண்டாவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். மெதுவாகக் காய்ந்தால் தடித்த தூண், விரைவாகக் காய்ந்தால் மெல்லிய தூண் என்ற கணக்கு மாவு, குழம்பு இரண்டுக்கும் பொருந்துகிறது. மாணவச் செல்வங்களே, இதை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே ஒரு விளக்கின் கீழே செய்து பார்க்கலாம்.

இந்தக் கணக்கோடு ஸ்டாஃபாவுக்குத் திரும்பிப் போங்கள். கீழே தடித்த ஒழுங்கான தூண்கள், மேலே மெல்லிய குழப்பமான கரடு. ஏன்? கீழ்ப்பகுதி நிதானமாக ஆறியது. மேற்பகுதி தண்ணீர் பட்டுச் சடுதியில் ஆறியது. ஒரே குழம்பு, ஒரே இடம். ஆறிய வேகம் வேறு, வடிவமும் வேறு.

தூணின் பக்கத்தில் முகம் வைத்துப் பாருங்கள். பட்டையின் மேல் குறுக்குக் கோடுகள் தெரியும். சில சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே கல் ஓரிடத்தில் வழுவழுப்பாக, ஓரிடத்தில் சொரசொரப்பாக இருக்கும். தடவினாலே தெரியும். வெடிப்பு ஒரே பாய்ச்சலில் ஓடவில்லை. கொஞ்சம் பிளந்து, நின்று, இன்னும் சூடு தணியக் காத்திருந்து, மறுபடி கொஞ்சம் பிளந்திருக்கிறது. அந்தக் கோடு ஒவ்வொன்றும் வெடிப்பு நின்ற இடம். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல் ஆறிய முறை, நம் விரல் நுனிக்கு எட்டும்படி அங்கே பதிந்திருக்கிறது. இதைவிட நேர்மையான சாசனம் எங்கே கிடைக்கும்?

சரி, அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய கிரீன்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. அந்த நிலம் பிரியத் தொடங்கியது. வட அட்லாண்டிக் கடல் பிறக்கப்போகும் நேரம். பிரியும் நிலத்தின் வழியே குழம்பு பொங்கியது. ஆன்ட்ரிம் கரையும், மல் தீவும், ஸ்டாஃபாவும், கிரீன்லாந்தின் கிழக்குக் கரையும் அந்தப் பெருக்கின் துண்டுகள். நிலம் பிளந்ததால் குழம்பு வந்தது. குழம்பு ஆறிப் பிளந்ததால் தூண் வந்தது. அந்தத் தூண்களின் பிளவு வழியேதான் பிறகு கடலும் வந்தது.

கடல் எப்படி வந்தது? அலை வெறும் தண்ணீர்தானே, கல்லை எப்படி வெல்லும் என்று கேட்கலாம். அலை கல்லோடு மோதவில்லை, இடுக்கோடு மோதுகிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. அதில் காற்று இருக்கிறது. அலை வந்து அறைந்ததும் அந்தக் காற்று உள்ளே நசுங்குகிறது. அலை பின்வாங்கியதும் சீறி வெளியே விரிகிறது. நாளெல்லாம், பருவமெல்லாம், ஆயிரமாயிரம் ஆண்டுகள். ஒருநாள் ஒரு தூண் அசைகிறது. தூண்களுக்குக் குறுக்கு வெட்டுப் பிளவுகளும் உண்டு. அந்த இடத்தில் துண்டாகிறது. விழுந்த துண்டை அலை உருட்டி, அதையே கருவியாக்கி அடுத்த தூணை இடிக்கிறது. எந்த இடத்தில் பாறை கொஞ்சம் நலிந்திருந்ததோ அந்த வரிசையிலே கடல் நேராக உள்ளே போகிறது. ஃபிங்கல் குகை அப்படி உண்டானது.

குகைக்குள் அண்ணாந்து பார்த்தால் உண்மை விளங்கும். கூரையில் தொங்குவது என்ன? அறுந்த தூண்களின் மேல் துண்டுகள். பட்டை பட்டையாக அறுந்த முனைகள், அவற்றுக்கு நடுவே கசிந்து படிந்த மஞ்சள் பூச்சு. பேங்க்ஸும் அந்த மஞ்சளைக் குறித்து வைத்தார். கீழே பார்த்தால் அதே தூண்களின் அடிக்கட்டைகள். குகையின் ஒரு பக்கத்தில் அந்த அடிக்கட்டைகளின் மேலேதான் பயணிகள் நெடுங்காலமாக நடந்து உள்ளே போனார்கள். நடுவே இருந்த உடம்பைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இந்தக் குகைக்கு ஓசை உண்டு. அலை உள்ளே புகுந்து கடைசிச் சுவரில் மோதும்போது, அடைபட்ட காற்று அதிர்ந்து, இடி முழக்கமாகவும் முனகலாகவும் எழும். 1829ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபெலிக்ஸ் மெண்டெல்சன் என்ற இருபது வயது ஜெர்மானிய இசைக்கலைஞர் அந்தக் கடலுக்கு வந்தார். ஹெப்ரிடீஸ் முன்னிசை என்ற அவருடைய புகழ்பெற்ற படைப்பு அந்தப் பயணத்தில் பிறந்தது. குகையில் நின்று கேட்ட ஓசை அப்படியே இசையாயிற்று என்று பலர் சொல்வார்கள். நடந்தது அப்படி அல்ல. தொடக்க இசையை அவர் தம் அக்கா ஃபானிக்குக் கடிதத்தில் எழுதிய தேதி ஆகஸ்டு 7. ஸ்டாஃபாவுக்குப் படகேறியது மறுநாள். அந்த மறுநாளும் கடற்பிணியால் வாடிக் கிடந்தார். குகையைக் காண்பதற்கு முன்பே, அந்தக் கரையின் காற்றும் மேகமும் அலையின் ஏற்ற இறக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டன. எனக்கு இந்த உண்மைதான் அந்தக் கட்டுக்கதையைவிடப் பிடித்திருக்கிறது. 1832 மே மாதம் அது லண்டனில் அரங்கேறியது. அதே ஆண்டு, அதே லண்டனில், டர்னர் என்ற மாபெரும் ஓவியர் ஸ்டாஃபா படத்தைக் காட்சிக்கு வைத்தார். அந்தப் படத்தில் தூண்களைத் தேட வேண்டும். மேலோங்கி நிற்பது புயல் வானமும், ஒரு நீராவிப் படகின் கரும்புகையும், அடங்கப்போகும் சூரியனும்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். கர்நாடகத்தில் உடுப்பிக்குப் பக்கத்தில் மால்பே மீன்பிடித் துறைமுகம். அங்கிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்த காலத்தில் இங்கே இறங்கிச் சிலுவை நட்டார் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் செய்தியைவிட அவர் மிதித்ததாகச் சொல்லப்படும் கல் பெரிது. ஏனென்றால் அந்தக் கல்லும் தூண். ஐந்து பட்டை, ஆறு பட்டை, ஏழு பட்டைத் தூண். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

நான் அங்கே ஓதம் வற்றிய காலை வேளையில் நின்றிருக்கிறேன். ஸ்டாஃபாவின் கறுப்பு அங்கே இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். அது பசால்ட் அல்ல. சிலிக்கா மிகுந்த வேறு குழம்பு உறைந்தது. தூண்களின் தலை சில இடங்களில் கிண்ணமாகக் குழிந்திருக்கிறது. அதில் முந்தின அலையின் நீர் தேங்கி, ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. ஒரு குட்டி நண்டு ஒரு தூணின் இடுக்கிலிருந்து அடுத்த தூணின் இடுக்குக்கு ஓடியது. அந்த இடுக்கு எப்போது உண்டானது? 8.5 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அப்போது நம் நிலத்துக்கு என்ன நேர்ந்தது? மடகாஸ்கர் அன்று இந்தியாவின் மேற்குக் கரையோடு ஒட்டியிருந்தது. இரண்டும் பிரிந்தன. பிரியும்போது பொங்கிய குழம்பின் எச்சங்களில் ஒன்று இந்தத் தீவுகள். அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரிலும் விரிந்து கிடக்கின்றன. அங்கே கிரீன்லாந்து பிரிந்தது, இங்கே மடகாஸ்கர் பிரிந்தது. அங்கே பிளவு, இங்கே பிளவு. இரண்டு பிரிவுகளின் கரையிலும் தூண்கள் நிற்கின்றன.

ஆனால் பிரிவுதான் தூணுக்குக் காரணம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடாதீர்கள். ஹாங்காங்கின் சாய் குங் கடலில் தீவு தீவாக அறுகோணத் தூண்கள் நிற்கின்றன. அலை குடைந்த குகைகளும் வளைவுகளும் அங்கே ஏராளம். 14 கோடி ஆண்டுப் பழமை. அங்கே ஓடியது குழம்புகூட அல்ல. பேரெரிமலை கக்கிய சுடு சாம்பல், தன் சூட்டிலேயே ஒட்டி இறுகி, ஆறிப் பிளந்து தூணானது. சூடான பொருள் பெரிய அளவில் நிதானமாக ஆற வேண்டும். நிபந்தனை அது ஒன்றுதான்.

நண்பர்களே, ஸ்டாஃபாவுக்குப் போக எல்லோருக்கும் வாய்க்காது. மால்பேக்கு நாம் ரயில் ஏறலாம். மழைக்காலத்தில் கடல் சீறும், படகு விடமாட்டார்கள். அக்டோபருக்குப் பிறகு போங்கள். ஈரப் பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. அதன் பிறகு ஒரு தூணின் பக்கத்தில் குனிந்து பட்டைகளை எண்ணுங்கள். குறுக்குக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தூண் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால், குழம்பு எந்தப் பக்கமிருந்து ஆறியது என்பதை அந்தச் சாய்வு சொல்லும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கையில் ஒரு கோணமானி கொடுத்து அனுப்புங்கள். 120 டிகிரிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அவர்களே அளக்கட்டும்.

கல்லில் பெயரைக் கிறுக்காதீர்கள். ஒரு துண்டைக்கூட நினைவுக்காகப் பெயர்த்து எடுக்காதீர்கள். பெயர்த்தெடுக்கும் வேலையைச் செய்யக் கடல் இருக்கிறது. அது எடுக்கிற வேகமே போதும்.

சாய் குங் தூண்கள் சில வளைந்து நெளிந்து நிற்பது ஏன் என்று கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாணவி என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. கல் முழுதும் இறுகுவதற்கு முன் நிலம் அசைந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றைப் பார்த்தபடியே உங்கள் கேள்விகளையும் எடுத்துக்கொள்வோம்.